வாத்துப் படம் போட்ட டவலும் பன்னெண்டு பாக்கெட் விதையும்

போன ஐப்பசியில ஒரு சனிக்கெழம. எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணு. சந்தவாசல் போயி ஒரு விதைப் பார்சல எடுத்துக்கிட்டு, அது நனையாம வூடு வந்து சேரணும்.

அவ்ளோதான். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

நான் ஜவ்வாது மலை மேல ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டன்ட். ஆசிட்ட ஒரு சொட்டு சிந்தாம ஊத்துற கை இது. ஒரு பார்சல நனையாம கொண்டு வர்றது ஒரு வேலையான்னு நீங்க கேக்கலாம்.

கேக்காதீங்க. ஏன்னா இது ரெண்டாவது பார்சல்.

மொதப் பார்சல் ஒரு மாசம் முன்னாடி வந்துச்சு. அதையும் நான்தான் போயி வாங்கினேன். பைக்ல பக்கவாட்டுல ஒரு பெட்டி இருக்கு, அதுல வெச்சேன். பெட்டி மூடியில ஒரு விரிசல் இருக்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வெச்சேன். வழியெல்லாம் மழ. வூட்டுக்கு வந்து வண்டிய நிறுத்தினவன், பார்சல எடுக்க மறந்துட்டேன்.

ஆறு நாள் கழிச்சு என் பொண்டாட்டி சாந்தி கேட்டா, "ஏங்க, அந்த வெதப் பார்சல் இன்னா ஆச்சு?"

பெட்டியத் தொறந்தோம். உள்ள வெண்ட மொளச்சு நின்னுச்சு. பாக்கெட்டுக்குள்ளயே! மத்ததெல்லாம் பூஞ்ச புடிச்சு, பழைய பஞ்சு மாதிரி இருந்துச்சு.

வூட்டுக்குப் பின்னாடி ரெண்டு வாரமா கல்லு பொறுக்கி, ஆட்டு எரு சொமந்து, ஒத்த ஆளா ஆறு பாத்தி கட்டி வெச்சிருந்தா சாந்தி. அந்தப் பாத்தியப் போயி ஒரு தடவ பாத்தா. உள்ள வந்து கதவச் சாத்திக்கிட்டா.

அப்புறம் நாலு நாளு என்கிட்ட நேரா பேசல. செவுத்தப் பாத்துதான் பேச்சு. "சோறு ஆறுதுன்னு சொல்லு." "குளிக்க வெந்நி இருக்குதுன்னு சொல்லு." செவுரு என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானாத்தான் புரிஞ்சு நடந்துக்கிட்டேன்.

அஞ்சாவது நாள் அவளே மறுபடியும் ஆர்டர் போட்டா. தக்காளி, கத்திரி, மொளகா, கொடமொளகா, வெண்ட, முள்ளங்கின்னு பன்னெண்டு பாக்கெட். போட்டுட்டு என் மூஞ்சியப் பாத்து சொன்னா.

"இந்த வாட்டி ஒரு சொட்டு பட்டுச்சு, நீங்க அந்தப் பார்சலோட அங்கயே இருந்துக்குங்க."

கூரியர்க்காரர் மலை ஏறமாட்டார். "சார், மேல வண்டி வராது சார். சந்தவாசல்ல பாய் கடையில குடுத்துர்றேன், நீங்க எடுத்துக்குங்க சார்"னு போன்ல சொல்லிட்டு கட் பண்ணிட்டாரு. அதனாலதான் அந்த சனிக்கெழம பயணம். பைக்க தொடல. பஸ்ல போறேன்னு சாந்திகிட்ட சத்தியமே பண்ணிட்டேன். காலைல கெளம்பும்போது வானம் நல்லா வெளுத்துத்தான் இருந்துச்சு. போளூர்ல பஸ் மாறும்போது கருத்துக்கிச்சு. சந்தவாசல்ல எறங்கும்போது ஊத்திக்கிட்டு இருந்துச்சு.

ரஃபீக் பாய் கடையில தார்ப்பாய், பிளாஸ்டிக் கொடம், கயிறு, பூந்தொட்டி எல்லாம் இருக்கும். வாணியம்பாடிக்காரரு, கடைக்காக இங்க வந்து செட்டில் ஆனவரு. பொறுமையான மனுஷன். எதையும் நிதானமா யோசிச்சுத்தான் பேசுவாரு. அன்னைக்கும் நிதானமாத்தான் யோசிச்சாரு. அதுலதான் நான் மாட்டினேன்.

"வாங்க சார். இன்னா சார், இந்த மழையில?"

"பாய், இந்தப் பார்சல் நனையாம மேல போவணும் பாய். நனஞ்சா நான் மேல போவ முடியாது."

பாய் பார்சல கையில வாங்கி, இப்படி அப்படி திருப்பிப் பாத்தாரு. ஊருக்குப் போற பொண்ணுக்கு சாமான் கட்ற அப்பன் மாதிரி ஒரு பொறுப்பு வந்துருச்சு அவருக்கு.

"மொதல்ல ஒரு ஜிப் கவரு போட்ருவோம் சார்."

போட்டாரு.

"இது போதாது. கவருக்குள்ளயே ஈரக் காத்து இருக்கும் சார். டப்பாவுல அரிசி போட்டு அதுக்குள்ள வெச்சா, அரிசி ஈரத்த இழுத்துக்கும்."

ஒரு உருண்ட டப்பா எடுத்தாரு. வூட்டுக்குள்ள போயி ரெண்டு கை அரிசி கொண்டு வந்து போட்டாரு. கவர அதுல சொருகி மூடினாரு. ஆட்டினா சலசலன்னு சத்தம்.

"டப்பா மேல ஒரு தார்ப்பாய் துண்டு."

சுத்தினாரு.

"இப்ப பாருங்க சார், பிளாஸ்டிக் மேல பிளாஸ்டிக் போட்டா வேர்க்கும். மேல துணி சுத்தணும். துணி இருந்தா எல்லாத்தயும் அதுவே குடிச்சுரும்."

"பாய், என்கிட்ட துணி இல்லயே."

"பக்கத்துக் கட நம்ம மச்சானுதுதான், இருங்க."

மச்சான் கடையில அன்னைக்குன்னு பாத்து நல்ல கனமான டவல் ஒண்ணுதான் இருந்துச்சு. மஞ்ச கலரு. அது மேல சின்னச் சின்ன வாத்துப் படம். ஒரு முனையில தலைக்குப் போட்ற குல்லா வேற தெச்சிருந்தாங்க.

பாய் அத சுத்தினாரு. டப்பாவோட உருண்ட தலை சரியா அந்தக் குல்லாவுக்குள்ள போயி உக்காந்துச்சு.

"இப்ப மாரோட அணைச்சுப் புடிச்சுக்குங்க சார். பையில வெச்சா எவனாவது மேல கால வெப்பான்."

நான் அணைச்சுப் புடிச்சேன். பாய் கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தாரு. ஏதோ சொல்ல வந்தாரு. சொல்லல. அந்த மனுஷன் அப்பவே சொல்லியிருக்கலாம்.

போளூர் வந்து மலைக்குப் போற பஸ்ல ஏறினேன். உக்கார எடம் இல்ல. நடுவுல நின்னேன். அந்த பஸ்ஸுக்கு வெளியில பெய்யற மழ பத்தலன்னு நெனைக்கிறேன், உள்ளயும் தனியா ஒண்ணு வெச்சிருந்துச்சு. கூரையில மூணு எடத்துல ஓட்ட. அதுல ஒண்ணு சரியா என் தலைக்கு மேல.

நான் இன்னா பண்ணேன்? கொடைய விரிச்சேன். பஸ்ஸுக்குள்ள. அதயும் எனக்குப் புடிக்கல, டவலுக்குப் புடிச்சேன். என் மண்டையில தண்ணி சொட்டி, மூக்கு வழியா எறங்கி, சட்டைக்குள்ள போயிட்டு இருக்கு. வாத்து ஒண்ணு கூட நனையல.

கண்டக்டர் வந்தாரு. என்னப் பாத்தாரு. டவலப் பாத்தாரு. கொடையப் பாத்தாரு. அப்டியே உருகிட்டாரு.

"ஏம்மா, கண்ணு தெரியலயா யாருக்கும்? மனுஷன் கைக்கொழந்தைய வெச்சுக்கினு நிக்கறாரு. யாராவது எடம் குடுங்கம்மா!"

நான் வாயத் தொறந்தேன். சத்தியமா தொறந்தேன். "இல்லீங்க, இது..."ன்னு ஆரம்பிக்கவும் செஞ்சேன்.

அதுக்குள்ள ஜன்னலோரம் ஒரு அம்மா எழுந்துட்டாங்க. ஓட்ட இல்லாத எடம். காஞ்ச சீட்டு.

நான் வாய மூடினேன். உக்காந்தேன்.

இதுக்கு மேல நடந்த எல்லாத்துக்கும் காரணம் நான்தான். மழ இல்ல, பஸ் இல்ல, பாய் இல்ல. அந்த ஒரு காஞ்ச சீட்டுக்கு ஆசப்பட்ட நானு.

எடம் குடுத்த அம்மா பேரு முனியம்மா. மலையில எங்க ஊருக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடி எறங்கறவங்க. போளூர்ல சாமை வித்துட்டுத் திரும்பி வர்றாங்க. காலி சாக்க மடிச்சு இடுப்புல சொருகிக்கினு, என் சீட்டுக் கம்பியப் புடிச்சுக்கினு நின்னாங்க. எடம் குடுத்தவங்களுக்குக் கேள்வி கேக்கற உரிமை வந்துரும் இல்லயா.

"தலைய தாங்கிப் புடி நைனா. இப்டியா புடிப்ப? கழுத்து தொங்கப் போவுது."

தாங்கிப் புடிச்சேன்.

"தாயி எங்க?"

சாந்தியத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சுக்கினு, "வூட்ல இருக்காங்க"ன்னேன். அப்டி நெனச்சேன்னு இப்ப சொல்றேன். அப்ப நான் ஒண்ணுமே நெனைக்கல.

"பச்சக் கொழந்தைய வுட்டுட்டு வூட்லயா?"

"அவங்கதாங்க சந்தவாசல் போய் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

அந்தம்மா கம்பியில இருந்து கைய எடுத்துட்டாங்க.

"வாங்கிட்டா?"

ரெண்டு சீட்டு முன்னாடி தலைங்க திரும்புச்சு. முனியம்மா என் மூஞ்சிய உத்துப் பாத்தாங்க. அவங்க கண்ணு கலங்க ஆரம்பிச்சுருச்சு.

"தத்து எடுத்தியா சாமி?"

இந்த எடத்துல ஒரு நல்ல மனுஷனா இருந்தா இன்னா சொல்லுவான்? "இல்லம்மா, இது வெண்டக்கா வெத"ன்னு சொல்லுவான். எழுந்து எடத்தக் குடுப்பான். கூரை ஓட்டைக்குக் கீழ போயி நிப்பான்.

நான் தலைய இப்டி ஒரு மாதிரி ஆட்டினேன். ஆமான்னும் எடுத்துக்கலாம், இல்லன்னும் எடுத்துக்கலாம்.

பஸ்ஸு ஆமான்னு எடுத்துக்கிச்சு.

"தத்து எடுத்திருக்காராம்!" "பள்ளிக்கூடத்து சாருதான அவரு?" "நல்ல மனசு." பின் சீட்டுல இருந்து யாரோ ஒருத்தர் ஒரு ஆரஞ்சுப் பழம் குடுத்து அனுப்பினாரு. நான் வாங்கிக்கினேன். உரிச்சு சாப்டவும் சாப்டேன். எவ்ளோ கீழ எறங்கியிருக்கேன் பாருங்க.

பஸ் ஒரு பள்ளத்துல குதிச்சுச்சு. டப்பாவுக்குள்ள அரிசி சலசலன்னுச்சு.

"கிலுகிலுப்ப கூட வாங்கியிருக்காரு"ன்னு முனியம்மா முன்னாடி சீட்டுக்காரம்மாகிட்ட சொன்னாங்க.

ரெண்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி பஸ் நின்னுச்சு. முன்னாடி ஒரு மரம் ரோட்டுக்குக் குறுக்க விழுந்து கெடக்கு. ஆளுங்க வெட்டிக்கினு இருக்காங்க, இன்னும் அரை மணி ஆகும்னாரு டிரைவர். டூவீலர் மட்டும் ஓரமா பூந்து போவுது.

அதுல ஒருத்தர் ஜன்னல்கிட்ட வண்டிய நிறுத்தினாரு. எங்க தெருவுல கோழிக்கடை வெச்சிருக்கற ஏழுமலை.

"இன்னா லேப் சார், மாட்டிக்கினீங்களா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள முனியம்மா என் தோள் மேல சாஞ்சு, ஜன்னல் வழியா தலைய நீட்டிட்டாங்க.

"யோவ், உங்க சாரு கொழந்த தத்து எடுத்துக்கினு வர்றாருய்யா! வூட்ல போய் சொல்லு, ஆரத்தி கரைச்சு வெக்கட்டும்!"

ஏழுமலை என்னப் பாத்தாரு. டவலப் பாத்தாரு. வாத்தப் பாத்தாரு.

"சார்... சொல்லவே இல்ல!"

"ஏழுமல, இரு, ஏழுமல, அது வந்து..."

வண்டி கெளம்பிருச்சு. அந்த மலை ரோட்டுல போனுக்கு சிக்னல் கெடைக்காது. ஆனா ஏழுமல ஒரு சேதியோட கெளம்பிட்டாருன்னா, அதுக்கு டவர் தேவையில்ல.

எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா, திருப்பத்தூர்ல காலேஜ் படிக்கிறா. இந்த வயசுல நான் ஒரு கொழந்தைய தூக்கிக்கினு வர்றேன்னு தெருவே சாந்திகிட்ட போய் சொன்னா? ஒரு பூஞ்ச புடிச்ச வெதைக்கே நாலு நாளு செவுத்தோட பேசினவ அவ!

நான் இப்டி வேர்த்துக்கினு உக்காந்திருக்கும்போதுதான் டிரைவர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுந்து வந்தாங்க. மலையடிவாரத்துல ஏறினவங்க. எங்க பக்கத்து கிராமத்து நர்ஸம்மா.

"சார், கொழந்தைய கொஞ்சம் காட்டுங்க. மூஞ்சிய இப்டி மூடக் கூடாது, மூச்சு முட்டும்."

"இல்ல மேடம், வேணாம். தூங்குது."

தூங்குது! இதுவரைக்கும் நான் வாயால பொய் சொல்லல, தலையத்தான் ஆட்டினேன். இதுதான் மொதல் பொய். அதயும் ஒரு நர்ஸம்மாகிட்ட போய் சொன்னேன்.

"எத்தன நாள் ஆச்சு பொறந்து? தடுப்பூசி அட்ட இருக்கா?"

"கடையில குடுக்கலீங்க."

சொன்னதுக்கப்புறம்தான் இன்னா சொன்னேன்னு எனக்கே புரிஞ்சுது.

"கடையிலயா?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு.

"சந்தவாசல்ல இருந்து வர்றேன்னு சொன்னான்"னாரு ஒருத்தர். கொஞ்சம் முன்னாடி வரைக்கும் சொன்னாருன்னு இருந்த மரியாதை, இப்ப சொன்னான்னு ஆயிருச்சு. "ஏறுனதுல இருந்து அந்தக் கொழந்த ஒரு தடவ அழல, கவனிச்சீங்களா?"ன்னாங்க முன் சீட்டம்மா. எனக்கு ஆரஞ்சு குடுத்தவரு எழுந்து நின்னாரு. அவரு நல்ல உயரம்.

"தொறங்க சார்"னாங்க நர்ஸம்மா. இந்த தடவ கொரல் வேற மாதிரி இருந்துச்சு.

"மேடம், தொறந்தா ஈரம் பட்டுடும் மேடம்!"

"தொற!"ன்னாரு கண்டக்டர். என்னப் பாத்து உருகின அதே கண்டக்டர்.

அந்த நேரத்துல ஒழுங்கான மனுஷனுக்கு உசுரு பெருசா தெரியும். எனக்கு என் முன்னாடி சாந்தி மூஞ்சிதான் தெரிஞ்சுது. ஆறு பாத்தி தெரிஞ்சுது.

"தொறக்கறேன்! தொறக்கறேங்க! ஆனா யாராவது மேல கொட புடிங்க!"

புடிச்சாங்க. இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு ஆச்சரியமா இருக்கு. என்ன அடிக்கத் தயாரா இருந்த ஜனம், நாலு கொடைய விரிச்சு என் மேல கூரை மாதிரி புடிச்சுது.

வாத்து டவல எடுத்தேன். உள்ள தார்ப்பாய். "ஐயோ, கொழந்தைய தார்ப்பாயில சுத்தியிருக்கான் பாவி"ன்னு ஒரு கொரல். தார்ப்பாய எடுத்தேன். டப்பா. டப்பாவத் தொறந்தேன். அரிசி. அரிசிக்குள்ள கைய வுட்டு ஜிப் கவர எடுத்தேன். கவர்ல இருந்து ஒரு பாக்கெட்ட உருவி, நர்ஸம்மா கையில குடுத்தேன்.

அவங்க கண்ணாடிய சரி பண்ணிக்கினு படிச்சாங்க. பாக்கெட் மேல நல்லா செவப்பா ஒரு தக்காளிப் படம்.

கொட மேல ஓட்டத் தண்ணி டொக்கு டொக்குன்னு விழுந்துச்சு.

மொதல்ல பேசினது முனியம்மாதான்.

"எழுந்திரி."

எழுந்தேன். அவங்க உக்காந்தாங்க.

அப்புறம் ஒருத்தர் சிரிச்சாரு. அது பத்திக்கினு பஸ் முழுக்க போச்சு. டிரைவர் வெளிய மரம் வெட்டறவங்ககிட்ட எறங்கிப் போய் சொல்லிட்டு வந்தாரு. அவங்க வேலைய வுட்டுட்டு வந்து ஜன்னல் வழியா என்னப் பாத்துட்டுப் போனாங்க. ஆரஞ்சு குடுத்தவரு மட்டும் சிரிக்கல. என் காலடியில கெடந்த ஆரஞ்சுத் தோலையே பாத்துக்கினு இருந்தாரு.

நர்ஸம்மா பாக்கெட்ட திருப்பிக் குடுத்தாங்க. "ரிஜிஸ்டர்ல பேர் ஏத்தணுமேன்னு நான் அப்பவே பேனாவ எடுத்து வெச்சுட்டேன் சார்"னாங்க. போவும்போது, "வெண்ட இருந்தா நாலு வெத அனுப்புங்க"ன்னும் சொன்னாங்க.

கண்டக்டர் கிட்ட வந்தாரு. ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழிச்சு என் சட்டப் பாக்கெட்டுல சொருகிட்டுப் போனாரு.

மரத்த எடுத்ததுக்கப்புறம் பஸ் கெளம்புச்சு. மறுபடியும் எல்லாத்தயும் டப்பாவுல திணிச்சு, டவல சுத்தி, பழைய ஓட்டைக்குக் கீழயே நின்னேன். முனியம்மா எறங்கும்போது என்கிட்ட வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு நெனச்சேன்.

"ஏன்யா, நான் எழுந்தப்பவே சொல்லியிருந்தா, வெதைய மடியில வெச்சுக்கினு நானே உக்காந்து வந்திருப்பேன்ல?"

இது எனக்குத் தோணவே இல்ல.

எங்க ஸ்டாப் வந்துச்சு. இன்னும் மழ விடல. நிழற்கொடையில பத்து பன்னெண்டு பேர் நின்னாங்க. பக்கத்து வூட்டு கமலாக்கா கையில ஆரத்தித் தட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு செக்கச்செவேல்னு. ஏழுமலை தோள் மேல ஒரு நீளக் கம்பு, தொட்டில் கட்றதுக்காம். எல்லாருக்கும் பின்னாடி, செவுத்துல சாஞ்சுக்கினு, கையக் கட்டிக்கினு சாந்தி.

நான் வழியெல்லாம் ஒரு பேச்ச மனப்பாடம் பண்ணிக்கினு வந்தேன். "சாந்தி, நீ நெனைக்கற மாதிரி எதுவும் இல்ல"ன்னு ஆரம்பிக்கும் அது. இதவிட மோசமா ஒரு பேச்ச எந்தப் புருஷனும் ஆரம்பிச்சிருக்க முடியாதுன்னு இப்ப தோணுது. நல்லவேள, அத சொல்ல வேண்டிய அவசியம் வரல.

சாந்தி கூட்டத்த வெலக்கிக்கினு முன்னாடி வந்தா. டவலப் பாத்தா. ஒரே கேள்வி கேட்டா.

"நனஞ்சுதா?"

கமலாக்கா பதறிட்டாங்க. "இன்னாடி சாந்தி, கொழந்தையப் பாத்து நனஞ்சுதான்னு கேக்கற?"

"நீ வேற ஏன்க்கா. இந்த ஆளு கால் கிலோ பச்ச மொளகா வாங்கப் போனாலே மூணு வாட்டி போன் பண்ணி, காரமா இருக்கணுமா வேணாமான்னு கேப்பாரு. தனியா போயி ஒரு கொழந்தைய தத்து எடுத்துக்கினு வருவாரா? அது என் வெதப் பார்சல்."

எனக்கு உசுரு வந்துச்சு. அதே நேரத்துல கொஞ்சம் அவமானமாவும் இருந்துச்சு. ஒரு கொழந்தைய தூக்கிக்கினு வர்ற அளவுக்குக் கூட என்ன நம்பல பாருங்க.

ஆனா ஒரு சொட்டு நனையலன்னு காட்டினா அந்த அவமானம் போயிரும் இல்லயா? நிழற்கொடைக்குள்ள நின்னேன். டவல பெஞ்சு மேல ஒரு ஓரமா விரிச்சேன். டப்பாவத் தொறந்தேன். பன்னெண்டு பாக்கெட்டையும் எடுத்து டவல் மேல வரிசையா அடுக்கினேன். பஸ்ல உருவின தக்காளி பாக்கெட்டோட ஓரம் பிஞ்சிருந்துச்சு, அதுல இருந்து ரெண்டு வெத எடுத்து சாந்தி உள்ளங்கையில வெச்சேன்.

"தொட்டுப் பாரு. எப்டி காஞ்சு கெடக்கு!"

சாந்தி தொட்டுப் பாத்தா. ஒரு மாசத்துக்கப்புறம் அவ மூஞ்சியில லேசா ஒரு சிரிப்பு. நான் ஜெயிச்சுட்டேன்.

கமலாக்காவுக்கு மட்டும் கவலை. "கரைச்ச ஆரத்திய சும்மா கீழ ஊத்தக் கூடாதுடி. எதுக்காவது சுத்தித்தான் ஊத்தணும்."

"வெதைக்கே சுத்திருங்கக்கா"ன்னாரு ஏழுமலை.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கமலாக்கா டவல் முன்னாடி நின்னு, ரொம்ப சிரத்தையா ஒரு சுத்து, ரெண்டு சுத்து சுத்தினாங்க. மூணாவது சுத்த நல்லா பாக்கணும்னு ஏழுமலை இந்தப் பக்கம் திரும்பினாரு.

தோள் மேல இருந்த கம்பும் கூடத் திரும்புச்சு.

கம்பு தட்டுல பட்டுச்சு. தட்டு கவுந்துச்சு. ஒரு சொட்டு வெளிய போவல. அவ்ளோ ஆரத்தியும் டவலுக்குள்ள. பன்னெண்டு பாக்கெட்டும் செவப்புத் தண்ணியில மெதந்துச்சு. புது டவல் இல்லயா, சீக்கிரத்துல குடிக்கக் கூட இல்ல.

அந்த நேரம் பாத்து மழ நின்னுச்சு. வெயிலே அடிச்சுது.

ஏழுமலை கம்ப மெதுவா கீழ வெச்சாரு. கமலாக்கா காலித் தட்டோட என்னப் பாத்தாங்க. நான் சாந்தியப் பாத்தேன்.

சாந்தி நிழற்கொட பெஞ்சுல உக்காந்தா. தலையில கைய வெச்சா. தோளு குலுங்குச்சு. அழறான்னு நெனச்சு நான் கிட்ட போனேன்.

சிரிச்சுக்கினு இருந்தா. கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு. என்னமோ சொல்ல வந்தா, என் மூஞ்சியப் பாத்தா, மறுபடியும் சிரிச்சா. நான் பஸ்ல நடந்ததையும் சொன்னேன். தடுப்பூசி அட்ட வரைக்கும் சொல்லிட்டேன். "கடையில குடுக்கலன்னு சொன்னீங்களா?"ன்னு கேட்டு, கமலாக்கா தோள் மேல சாஞ்சுக்கினா.

அப்புறம் கண்ணத் தொடச்சுக்கினு எழுந்தா.

"நனஞ்ச வெதைய வெச்சிருக்க முடியாது. பாத்தியில போட்டா இந்த மழையில அடிச்சுக்கினு போயிரும். இன்னைக்கே தொட்டியில போட்ரணும். கொழந்தையப் பாக்க வந்தீங்கல்ல, எல்லாரும் வாங்க."

எல்லாரும் வந்தாங்க. ஒடஞ்ச கொடம், பெயின்ட் டப்பா, காலி அரிசி சாக்குன்னு தெருவுல இருந்த எல்லாத்துலயும் மண்ணு ரொப்பினோம். பாய் குடுத்த தார்ப்பாய் துண்ட ஏழுமலை தொட்டில் கம்புல கட்டி, மேல கூரை போட்டுக் குடுத்தாரு.

ஒரு பிரச்சினை. பாக்கெட்டெல்லாம் ஊறிக் கிழிஞ்சு, வெதைங்க ஒண்ணோட ஒண்ணு கலந்துருச்சு. வெண்டயும் முள்ளங்கியும் பாத்தாலே தெரியும். தக்காளி, கத்திரி, மொளகா, கொடமொளகா நாலும் அண்ணன் தம்பிங்க மாதிரி ஒரே சாயல். அதுலயும் இப்ப நாலும் செவப்பு.

"இத எப்டிங்க பிரிக்கறது?"ன்னா சாந்தி.

அன்னைக்கு முழுக்க வாங்கின அடிக்கு ஒரு ஆறுதல் வேணும் இல்லயா எனக்கு?

"தள்ளு. லேப்ல இருக்கறவன் நானு."

பூதக்கண்ணாடி கொண்டு வந்தேன். ஒவ்வொரு வெதையா எடுத்து, வெளிச்சத்துல காட்டி, ரொம்ப யோசிச்சு, நாலு குவியலா பிரிச்சேன். பேர் எழுதி ஒட்டினேன். தெருக்காரங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் காகிதத்துல மடிச்சு, மேல பேர் எழுதிக் குடுத்தேன். எல்லாரும் என்ன ஒரு மரியாதையோட பாத்தாங்க. அந்த மரியாதைய நான் ரொம்ப நாளா பாக்கல.

வெத நல்லாவே மொளச்சுது. ஒண்ணு வுடாம மொளச்சுது. மஞ்சத் தண்ணி பட்டதால பூஞ்ச வரலன்னு சாந்தி சொல்றா.

பொங்கல் கழிஞ்சு ஒரு நாளு கமலாக்கா வாசல்ல வந்து நின்னாங்க. கையில ஒரு மொறம்.

"லேப் சார், தக்காளின்னு எழுதிக் குடுத்தீங்களே, மொளகா காச்சிருக்கு."

நான் மொறத்தப் பாத்தேன். நல்ல நீளமான மொளகா, அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல.

"கொழம்புக்கு ரெண்டும்தானக்கா வேணும்"னு சொல்லிட்டு கதவச் சாத்திக்கினேன்.